பந்தலைப் பிரிச்சு வயர்ல ஏத்துன கதை

இங்கன நிக்கிறதப் பிரிச்சு, கட்டி, அங்கன கொண்டு போயி அச்சு அசல் அப்படியே நிறுத்துதது பந்தக்காரன் பொழப்பு. எம் பொழப்பும் அதேதான், கயித்துக்குப் பதிலா ஜாவா.

ப்ரோகிராம் எழுதுத சனங்களே, உங்களத்தான் கூப்பிடுதேன். நீங்க தனியா இருக்கையில நல்லா ஓடிட்டு, மொதலாளி பின்னால வந்து நின்ன உடனே மூச்ச நிறுத்திக்கிடுத ப்ரோகிராம் வச்சிருக்கவங்க எல்லாம் கிட்ட வந்து உக்காருங்க. மத்தவங்களும் வரலாம். கல்யாணத்துக்கு வாடகை நாற்காலி சொல்லிட்டு, அது வந்து சேருமான்னு வாசலையே பாத்துக்கிட்டு நின்னிருக்கீங்கல்லா? அப்ப நீங்களும் நம்ம கூட்டந்தான்.

திருநெல்வேலி டவுண்ல பாய் ஒருத்தர் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுதாரு. ஆபீஸ் டவுண்ல. குடோன் பேட்டையில, அங்கன பொறுப்பு சேவியர் அண்ணன். கடக்கரைக்காரரு, கப்பல் குசினியில அடுப்பு முன்னால பாதி ஆயுசு நின்னுட்டு வந்தவரு. மூணாவதா பாபநாசத்துல ஒரு சின்னக் கிளை. அதப் பாத்துக்கிடுதது இசக்கி. இந்த மூணு எடத்துக் கம்ப்யூட்டரும் ஒண்ணோட ஒண்ணு பேசணும், அத நீ செஞ்சு குடுன்னு பாய் சொல்லிட்டாரு. வாட்ஸ்அப் இருக்கேன்னு கேப்பீக. இருந்துது. குட் மார்னிங் பூவுக்கும் பொறந்த நாள் கேக்குக்கும் நடுவுல எத்தனையோ அண்டா காணாமப் போன பெறகுதான் என்னயக் கூப்பிட்டாங்க.

பாய் மொத நாளே கறாரா சொன்னாரு: "வே, ஆடி அமாவாசை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்தப் பொட்டி ஒழுங்கா பேசலைன்னா பாபநாசம் கடைய மூடிட்டு, போன்லயே யாவாரத்தப் பாத்துக்கிடுதேன்." பாய்க்கு ஒரு கடை கொறையும், அவ்வளவுதான். இசக்கிக்கு அப்படி இல்ல. கடைய மூடுனா அவ மறுபடி டவுண் ஜவுளிக்கடைக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும். பள்ளிக்கூடம் விட்டு நிக்கிற மகளக் கூட்டிட்டு வர ஆளு கெடையாது. பைய எங்கிட்ட வந்து, "அண்ணாச்சி, நீங்கதான் பாத்துச் செய்யணும்"னு சொல்லிட்டுப் போனா. எம் ப்ரோகிராம் மேல முழுசா நம்பிக்கை வச்ச மொத ஆளு அவதான். எனக்கே அவ்வளவு கெடையாது.

வேலை என்னன்னா, ஜாவாவுக்குள்ள ஒரு ஆர்டர் இருக்குன்னு வைங்க. யாரு கேட்டா, என்ன சாமான், எந்த ஊரு, எல்லாம் சேந்து ஒரே உருப்படியா நிக்கும். அத ஆப்ஜெக்ட்ம்போம். அப்படியே தூக்கி வயருக்குள்ள போட முடியாது. பிரிச்சு வரிசையா அடுக்கி அனுப்பணும், அந்தப் பக்கம் மறுபடி கூட்டி நிறுத்தணும். இதுக்குப் பேரு சீரியலைசேஷன். "இப்பல்லாம் எவன் வே இத செய்யுதான்? ஜேசன்னு புது முறை இருக்கு, அதுல அனுப்பு"ன்னு சென்னைக்காரப் பயலுவ சொல்லுவானுவ. தெரியும். ஆனா எனக்குக் கை பழகுனது இது. சண்டைன்னாலும் தெரிஞ்ச ஆளோட போட்டாத்தான ஒரு ருசி?

முதல்ல நீங்க சொல்லுங்க

மொத சோதனை. டவுண்ல ஒரு கம்ப்யூட்டரு, பேட்டையில ஒண்ணு. நான் டவுண்ல, பாய் எம் பின்னால. பட்டனத் தட்டுனேன். ஒண்ணும் வரல. எர்ரர்கூட வரல. எர்ரர் வந்தாக்கூட ஒரு மரியாதை, ஏதோ நடக்குதுன்னு மொதலாளி நெனப்பாரு. இது ரெண்டு பொட்டியும் சும்மா முழிச்சுக்கிட்டு இருந்துது. நான் வயரப் பிடுங்கி மாட்டுனேன், ஊதுனேன், ஃபேன நிறுத்திப் பாத்தேன்.

பெறகுதான் புரிஞ்சுது. ஜாவாவுல பேச்சு தொடங்கையில ஒரு பக்கம் மொதல்ல ஒரு சின்ன வணக்கம் சொல்லணும். நான் என்ன செஞ்சிருந்தேன்னா, ரெண்டு பக்கமும் காத மொதல்ல தெறந்து வைக்கச் சொல்லிட்டு, வாய அப்பறமா தெறக்கச் சொல்லியிருந்தேன். ரெண்டும் அடுத்தவன் வணக்கத்துக்காகக் காத்துக்கிட்டு உக்காந்துட்டுது. வாய மொதல்ல தெறங்கன்னு ரெண்டு வரிய மேல கீழ மாத்துனேன், சரியாப் போச்சு. என்ன நடந்துதுன்னு பாய்க்கு வெளக்குனேன். அவரு ரெண்டு பொட்டியவும் ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னாரு:

"பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் இப்படி ஒருத்தர் வாய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தா, எம் பிரியாணித் தேக்சா எப்ப வே வாடகைக்குப் போகும்?"

வர்றவன் எல்லாம் மாப்பிள்ளை

ஒரு வாரம் நல்லா ஓடுச்சு. இசக்கி ஆர்டர் அனுப்புவா, பேட்டையில சேவியர் அண்ணன் கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிப் படிச்சு லாரியில ஏத்துவாரு. ஒரு நா இசக்கி ஆர்டருக்குப் பதிலா ஒரு புகார் அனுப்புனா. காது குத்து வீட்டுல நாற்காலி கால் ஒடிஞ்சு, தாய்மாமன் பிள்ளையோட பின்னால சாஞ்சுட்டாரு, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, மாமனுக்குத்தான் கோவம், இப்படி விவரமா. அது பேட்டைக்குப் போனதுதான் தாமசம், திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பொட்டி படுத்துட்டுது.

தப்பு எம்மேலதான். ஆர்டர், புகார், திரும்பி வந்த சாமான்னு மூணு வகை ஆப்ஜெக்ட் அனுப்ப வழி செஞ்சவன், வாங்குத பக்கம் வர்றது எல்லாத்தையும் ஆர்டர்னே எடுத்துக்கோன்னு எழுதி வச்சிருந்தேன். புகாரப் பிடிச்சு, "உனக்கு எத்தனை அண்டா வேணும்?"னு கேட்டா அது என்னத்தச் சொல்லும்? பெறகு வாசல்லயே ஒரு கேள்வி வச்சேன்: நீ யாரு, ஆர்டரா, புகாரா? பதிலப் பொறுத்து உள்ள விடுன்னு. பேட்டைக்குப் போயி சேவியர் அண்ணன்ட்ட இத ஒப்பிச்சேன். பாத்திரத்தக் கழுவிக்கிட்டே கேட்டாரு, திரும்பிக்கூடப் பாக்கல.

"தம்பி, வாசல்ல வர்றவன் கழுத்துல எல்லாம் மாலையப் போட்டா பால்காரனும் மேடையில ஏறத்தான் செய்வான். அவனக் கொறை சொல்லி என்ன செய்ய?"

முருங்க மரம்

இத அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். ஆர்டர அனுப்புனா, "இத ஏத்த முடியாது"ன்னு ஜாவா மொரண்டு பிடிக்கும். எதன்னு பாத்தா, ஆர்டர் ஆப்ஜெக்ட்டுக்குள்ள எங்கயோ ஒரு மூலையில, ரசீது அடிக்கத் தோதா இருக்கட்டும்னு பிரிண்டர நான் கட்டி வச்சிருந்தேன். பந்தலப் பிரிக்கப் போன எடத்துல நாலு காலுல ஒண்ணு வீட்டுக்காரரு முருங்க மரமா இருந்தா எப்படி? மூணு மூங்கிலப் பிடுங்கியாச்சு, நாலாவதயும் பிடுங்கவான்னு ஆளுக கோடாலியோட நிக்காங்க. அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு, டிரான்சியன்ட்டுன்னு. எது முன்னால அதப் போடுதமோ, அத விட்டுட்டு மத்ததப் பிரிச்சு ஏத்தும். போட்டேன். பிரிண்டர விட்டுட்டுது.

அடுத்ததா, "எடம்" அப்படிங்கிறதயும் ஏத்த முடியாதுன்னுது. எடத்துக்குன்னு தனியா ஒரு கிளாஸ் எழுதியிருந்தேன். அதுக்கு 'இத ஏத்தலாம்'னு ஒரு சீட்டு ஒட்ட மறந்துட்டேன். ஒட்டியிருந்தா முடிஞ்சுது சோலி. நமக்குத்தான் பசி நேரமாச்சே, பொறுமை இல்ல. அங்கயும் டிரான்சியன்ட்டுன்னு போட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன். ஜாவா மறு பேச்சுப் பேசாம எடத்தயும் விட்டுட்டு ஆர்டர அனுப்பியிருக்கு. சாமான் சரி, ஆளு பேரு சரி, எந்த ஊருன்னு மட்டும் காலி. சேவியர் அண்ணன் அன்னைக்கு மாதா கோயிலுக்குப் போயிட்டாரு. லாரிக்காரரு பாபநாசம் கிளை ஆர்டர்ங்கிறத மட்டும் பாத்து மேக்க பாபநாசத்துக்கே விட்டுட்டாரு. நாற்காலிக்காகக் காத்திருந்த வீடு இருந்தது வீரவநல்லூர்ல. சாயந்தரமா லாரிக்காரரு போன எடுத்தாரு, கொரலுல தண்ணி சொட்டுச்சு.

"எடம் எழுதலைன்னா எங்க வேணாலும் போலாம்னு தான சார் அர்த்தம்? அகத்தியர் அருவியில தண்ணி நல்லா விழுது, குளிச்சிட்டு இருக்கோம்."

ஏசாத பாய்

இசக்கி ஒரு நா கேட்டா: "அண்ணாச்சி, இங்கன சாரல் விழும்போது டவுண்ல வெயில் அடிக்கும். துணிப் பந்தல் போதுமா, தகரம் வேணுமான்னு ஆர்டர்லயே சொல்ல ஒரு வழி வையுங்க." நியாயந்தான. ஆர்டர் கிளாஸுல தகரம்னு ஒரு கட்டம் சேத்தேன். பாபநாசத்துலயும் டவுண்லயும் புதுசப் போட்டுட்டு, பேட்டையில நாளைக்குப் போடலாம்னு விட்டுட்டேன். என்ன ஆகும்னு ப்ரோகிராம்காரங்களுக்கு இப்பவே தெரிஞ்சிருக்கும். ஒரே பேரு, ஒரே உருவம், ஆனா ஒவ்வொரு கிளாஸுக்கும் ஜாவா உள்ளுக்குள்ள ஒரு அடையாள நம்பர் குத்தி வைக்கும். ஒரு கட்டம் கூடுனாலும் நம்பர் மாறிரும். பாபநாசத்து ஆர்டர பேட்டை வாங்க மாட்டேன்னுட்டுது. நீ அவன மாதிரி இருக்க, ஆனா அவன் இல்லன்னு.

பந்தல் போட ஆளு வந்து நிக்காங்க, சாமான் வரல. இசக்கி போன்ல அழப் பாக்கா. பாய் வெளியூரு. சேவியர் அண்ணன் பாய் கொரலத் தவிர எதுக்கும் அசைய மாட்டாரு. இங்கன நான் ஒண்ணு சொல்லிருதேன். சின்ன வயசுல இருந்தே எனக்கு யாரு கொரலும் வரும். பாய் கொரல் ரொம்ப நல்லா வரும், டீக்கடையில கேட்டு வாங்கிச் சிரிப்பாங்க. அவரு போன எடுத்தா வணக்கமே, "ஏலே சேவியரு! ஹயாத்தா, மவுத்தா?" அதாவது உசுரோட இருக்கியா, போய்ச் சேந்துட்டியான்னு. சரி, துணிஞ்சு பாய் கொரல்ல போனப் போட்டேன். எல்லாம் சரியா வந்துது. அந்த வணக்கத்த மட்டும் விட்டுட்டேன். வயசுல மூத்த மனுசன், மவுத்தான்னு கேக்க எனக்கு வாய் வரல. "சேவியரு, அந்தத் தகரத்தக் கொஞ்சம் பாபநாசத்துக்கு அனுப்பிருப்பா"ன்னு நிறுத்துனேன். சேவியர் அண்ணன் தண்ணிக் குழாய மூடிட்டுப் பேசுனாரு.

"கொரலு பாயிதான். ஆனா இருவது வருசத்துல பாய் எங்கிட்ட மரியாதையா பேசுனதே இல்ல. யாருலே நீ, அந்த மிமிக்ரிக்காரப் பயலா?"

வீட்டுக்காரர்

அன்னைக்குப் பேட்டைக்கு ஓடிப்போயி புதுசப் போட்டு, பந்தல் ஒரு வழியா நின்னுது. அடுத்த வாரம் வேற வம்பு. இசக்கி ஒரு வீட்டுக்கு அம்பது நாற்காலின்னு அனுப்பிட்டு, அவங்க நூறுன்னு மாத்திச் சொல்ல, அதே ஆர்டர்லயே திருத்தி மறுபடி அனுப்புனா. பேட்டையில அம்பதுன்னே காட்டுது. மறுபடி அனுப்புனா. மறுபடி அம்பது.

ஜாவாவோட குணம் அது. ஒரு ஆப்ஜெக்ட ஒரு தடவை அனுப்பிட்டா ஞாபகம் வச்சுக்கிடும். அதயே திரும்பக் குடுத்தா, "இவனத்தான் தெரியுமே, முன்னால அனுப்புனேன்லா, அவன்தான்"னு சொல்லிரும். உள்ள என்ன மாறியிருக்குன்னு தெறந்து பாக்காது. பழசெல்லாம் மறந்துருன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் கேக்கும். அந்த ஒரு வரியச் சேத்துட்டு, இசக்கிக்கு நடந்ததச் சொன்னேன். அவ கேட்டா:

"நான் எத்தன தடவை மாத்திச் சொன்னாலும் மொத சொன்னதயே பிடிச்சுக்கிட்டு நிக்கிதுன்னா, உள்ள எங்க வீட்டுக்காரரா அண்ணாச்சி உக்காந்திருக்காரு?"

ஆடி அமாவாசை

வந்துது அந்த நாளும். ஆடி அமாவாசைக்கு பாபநாசத்துல எள்ளுப் போட்டா கீழ விழாது. ஆத்துல முழுகுத கூட்டம் ஒரு பக்கம், மேல மலைக் கோயிலுக்குக் குடும்பத்தோட போயி கொட்டகை போட்டுத் தங்குத கூட்டம் ஒரு பக்கம். காலையிலயே இசக்கி ஆர்டர் டவுணுக்கும் பேட்டைக்கும் வந்து நின்னுது, ஒரு கீறல் இல்லாம: அண்டா, நாற்காலி, பாய் விரிப்பு, தகரம் வேணும். கீழ ஒரு வரி: மலை கறுத்திருக்கு.

பாய் அதப் படிச்சாரு. சன்னல் வழியா ரதவீதியப் பாத்தாரு. வெயிலு மண்டையப் பொளக்குது. "இந்த வெயில்ல தகரமா? லாரி முழுக்கத் தகரத்த ஏத்துனா நாற்காலிய எங்க வைக்க? இந்தப் பொட்டியும் கூறு கெட்டது, அந்தப் பிள்ளையும் கூறு கெட்டது." இத நான் தெளிவா எழுதுதேன், அவரு அப்படிச் சொல்லல. முந்தின நாளுதான் கடவாப் பல்லு பிடுங்கியிருந்தாரு. வாயில பஞ்சு. ஒரு கன்னம் மட்டும் இட்லி கணக்கா வீங்கியிருக்கு. ஒவ்வொரு வார்த்தையும் மெத்தையில படுத்து எந்திரிச்சு வருது, இதுல ஏச எங்க முடியும்?

ஸ்பீக்கர்ல போட்டு சேவியர் அண்ணனக் கூப்பிட்டாரு. "சேவியரு... தகரத்த எறக்கிட்டு... நாற்காலிய ஏத்துப்பா."

"ஏத்துப்பாவா? அமாவாசையும் அதுவுமா ஒனக்கு வேற சோலி இல்லியா மிமிக்ரி?" டொக்.

பாய் போனயே பாத்தாரு. நான் மேசையப் பாத்தேன். திரும்பப் போட்டாரு. "சேவியரு, நான் பாய்தாம்ப்பா."

"பாய்னா ஏசு பாப்போம்."

பாய் மூச்ச இழுத்து, "ஹயா..."ன்னு தொடங்குனாரு. பல்லு பிடுங்குன எடத்துல சுருக்குன்னு குத்தியிருக்கும் போல, கண்ணுல தண்ணி முட்டிட்டுது. மிச்சம் பஞ்சுக்குள்ளயே போச்சு. சேவியர் அண்ணன் சிரிச்சாரு: "போன தடவையாவது கொரலு இருந்துது. இப்ப அதுவும் இல்ல. பழகிட்டு வா தம்பி." டொக்.

தன்ன மாதிரியே பேசத் தெரியாம ஒரு மனுசன் தோத்துப் போயி உக்காந்திருக்கத அன்னைக்குத்தான் பாத்தேன். சிரிக்கவும் முடியல. ஏன்னா பாய் போன எம் பக்கம் நீட்டுனாரு. வாயப் பொத்திக்கிட்டு ஜாடையில சொல்லுதாரு: நீ பேசு. என்ன மாதிரிப் பேசு. நல்லா ஏசிப் பேசு.

இந்தத் தடவை அந்த ஹயாத்து மவுத்தோட சேத்துப் போட்டா சேவியர் அண்ணன் பதறியடிச்சுத் தகரத்த எறக்கிருவாரு. எனக்குத் தெரியும், அவ்வளவு நல்லா வரும். ஆனா ஒத்த ஆர்டர் இப்பத்தான் எடம் தொலையாம, எண்ணிக்கை மாறாம, தகரத்தோட போய்ச் சேந்திருக்கு. மலை கறுத்திருக்குன்னு அங்கன நிக்கிற பொம்பள சொல்லுதா; இங்கன சன்னலப் பாத்துட்டு நாங்க அத அழிக்கப் போறோம். அழிச்சுட்டு மழையும் வந்துட்டா, கெட்ட பேரு பொட்டிக்கு, இசக்கிக்குக் கடையும் போச்சு.

போன வாங்குனேன். தொண்டையச் செருமுனேன். எங்க தெரு மொத்தத்தையும் பேசிக் காட்டுன நான், வாழ்க்கையில மொத தடவையா வேணும்னே சொதப்புனேன். "மரியாதைக்குரிய சேவியர் அண்ணே, சௌக்கியமா இருக்கீங்களா..."

"அடச் சீ! இது எல்லாத்துலயும் மோசம்." டொக். லாரி தகரத்தோட மேக்க கெளம்பிட்டுது.

பாய் போன வாங்கி வச்சுட்டு பஞ்ச மாத்திக்கிட்டாரு, அவ்வளவுதான். மத்தியானம் தாண்டி பொட்டி கிணிங்ன்னுது. இசக்கிட்ட இருந்து செய்தி: சாரல் பிடிச்சிருச்சு, தகரம் பூரா வாடகைக்குப் போயிட்டு, மேல தங்குன சனமெல்லாம் இன்னும் கேக்காங்க. இங்கன ரதவீதியில வெயிலு அப்படியே காயுது. பாய் அந்தச் செய்திய ரெண்டு தடவை படிச்சாரு. சாயந்தரம் இசக்கிக்குப் போனப் போட்டு, கடையில ஒழுகுத எடத்த அடைக்க ஒரு ஆளப் பாரு தாயின்னாரு. மூடப் போற கடைக்கு எவனாவது ஒழுகலப் பாப்பானா? அந்தப் பக்கம் இசக்கி சரி பாய், சரி பாய்ன்னு மட்டும் சொல்லுதா. நடுவுல மூக்க உறிஞ்சுத சத்தம்.

அப்பாடான்னு பையத் தூக்கிக்கிட்டு நானும் பைய வாசல்ல எறங்கப் போனேன். பின்னால இருந்து பஞ்சுக் கொரல் கூப்பிட்டுது.

"வே, டீக்கடையில நீ என்னயப் பேசுதத வெளிய நின்னு நெறைய தடவை கேட்டிருக்கேன், இன்னைக்குப் பேசுனத விட நல்லாத்தான் இருக்கும்."

ஜாவாவுல இத்தன வருசமா நான் சரியா எழுதுனது எதுவும் அந்தக் கடையக் காப்பாத்தல மக்களே, கொரல்ல ஒரே ஒரு தடவை தப்பாப் பேசுனதுதான் காப்பாத்துச்சு.